வராத பில்

ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் ஒரு குடிசை கட்டினார். ஆன செலவு 28 டாலர் 12½ செண்ட். பலகைக்கு எவ்வளவு, ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். 1845 ஜூலை 4 அன்று அங்கே குடிபோனவர் 2 வருடம், 2 மாதம், 2 நாள் இருந்தார். பீன்ஸ் பயிரிட்டார், படித்தார், நடந்தார், எழுதினார். தற்சார்பு வாழ்க்கை என்று யாராவது சொன்னதும், ‘வால்டன்’ படிக்காதவர்கள் மனசில்கூட வருவது ஏறக்குறைய அந்தக் குடிசைதான். ஒரு காடு, ஒரு குளம், தனியாக ஒரு ஆள்.

தோரோவைக் கிண்டல் செய்கிறவர்களும் நிறைய. குடிசை நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. ஊர் நடந்துபோகிற தூரம்தான். அவ்வப்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ‘அம்மா துணி துவைச்சுக் குடுத்தாங்க, மகன் காட்டுல உக்காந்து தத்துவம் எழுதினார்’ என்பது இணையத்தில் சலித்துப்போன ஜோக்.

அந்த ஜோக்கைவிட, தோரோவின் கணக்கிலேயே இருக்கிற ஒரு சின்ன குறிப்புதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. செலவுகளைப் பட்டியல் போடுகிற இடத்தில், துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்று அவரே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். மறைக்கவில்லை. நேர்மையான ஆள். சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

அந்த வரியைத் தாண்டிப் போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தற்சார்பு பற்றிய எல்லாக் கேள்விகளும் அங்கேதான் கிடக்கின்றன. என் வாழ்க்கைக் கணக்கில் இன்னும் வராத பில் எது? அது வராததால் கணக்கு குறைந்து தெரிகிறதா? எனக்கு வராத பில்லை வேறு யாராவது கட்டிக்கொண்டிருக்கிறார்களா?

*

இன்றைக்கு அந்தக் குடிசை நம் ஃபோனுக்குள் இருக்கிறது. மண் வீடு, நாட்டு மாடு, சோலார் பேனல், வாசலில் காயப்போட்ட மிளகாய், பின்னணியில் புல்லாங்குழல். ‘வேலைய விட்டுட்டு ஊர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போயிடலாம்னு இருக்கேன்’ என்று சொல்கிற நண்பர் ஒருவராவது நம் எல்லோருக்கும் இருக்கிறார். பாதிப் பேருக்கு அந்த நண்பர் அவர்களேதான். இதை நக்கல் செய்ய எனக்கு மனமில்லை. இஎம்ஐ, டிராஃபிக், ராத்திரி பத்து மணிக்கு வரும் மீட்டிங் அழைப்பு, எங்கே விளைந்தது என்றே தெரியாத சாப்பாடு. அந்தக் களைப்பு நிஜம். அதிலிருந்து பிறக்கிற ஆசையும் நிஜம்.

ஆனால் அந்த ஆசைக்குள் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ‘நான் யாரையும் நம்பி இருக்கக் கூடாது.’ இன்னொன்று, ‘என்னால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது.’ கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவது பலத்தைப் பற்றியது, இரண்டாவது பொறுப்பைப் பற்றியது. காசு இருந்தால் முதல் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம். மதில், ஜெனரேட்டர், ஆழ்துளைக் கிணறு, முடிந்தது வேலை. இரண்டாவது ஆசையை அப்படிக் கடையில் வாங்க முடியாது. சமயத்தில் முதலாவதற்காக வாங்கிய பொருளே இரண்டாவதைக் கெடுத்துவிடும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி. ‘தற்சார்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே சார்பு உட்கார்ந்திருக்கிறது. சாராமல் இருக்கிற உயிர் ஒன்றும் கிடையாது. எதைச் சார்ந்திருக்கிறோம், எப்படிச் சார்ந்திருக்கிறோம், சார்ந்திருப்பதற்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

*

வராத பில்லைத் தேடிப் போன ஒரு தணிக்கையாளர் நம் ஊரில் இருந்தார். ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்தார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசு பணத்தைக் கையாண்ட விதத்துக்கும் உள்ள தொடர்புதான் அவர் அங்கே எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள். ஒரு பேரரசின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, ‘இந்தச் செலவை யார் தலையில எழுதியிருக்கீங்க?’ என்று கேட்பது போன்ற வேலை. 1929இல் காந்தியைச் சந்தித்தார். கோட்டு சூட்டு போய்க் கதர் வந்தது. 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945இல் வெளிவந்தது. கடைசி வருடங்களை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

அந்த நூலில் இயற்கையைப் பார்த்துப் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்பது ஒரு வகை. குரங்கு மாந்தோப்பில் புகுந்து, எதையும் நடாமல் பழத்தை மட்டும் பறிப்பது ஒரு வகை. பறவை தன் உழைப்பில் தனக்குக் கூடு கட்டுவது மூன்றாவது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காகச் சேர்ப்பது நான்காவது. தாய்ப்பறவை திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுவது ஐந்தாவது. படிக்கும்போது பள்ளிக்கூடத்து நீதிக்கதை மாதிரி இருக்கும். கொஞ்சம் யோசித்தால் ஒன்று உறைக்கும். நாம் தற்சார்பு என்று கனவு காண்பது பெரும்பாலும் மூன்றாவது வகையைத்தான். என் உழைப்பு, என் கூடு. குமரப்பாவின் வரிசையில் அது நடுவில்தான் நிற்கிறது. அதற்கு மேல் இன்னும் இரண்டு படி இருக்கிறது.

அவர் சொன்னதிலேயே எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது சுதேசி பற்றிய விளக்கம். ஒரு பொருளை வாங்கும்போது அது செய்யப்பட்ட விதத்துக்கும் நாம் பங்காளி ஆகிறோம் என்பது அவர் வாதம். கொத்தடிமை உழைப்பில் விளைந்ததை வாங்கினால் கொத்தடிமைத்தனத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சரி, உலகம் முழுக்க இருந்து பொருள் வருகிறது, ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ப் பார்க்க முடியுமா? முடியாது. முடியாதென்றால், நம்மால் பொறுப்பேற்க முடிகிற வட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். சுதேசிக்கு அடித்தளம் அதுதான் என்கிறார்.

தேசபக்தியால் சுதேசி என்று சொல்லவில்லை. அந்நியப் பொருள் தீட்டு என்றும் சொல்லவில்லை. என் பொறுப்பு எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம்தான் என் தேவையும் எட்டலாம் என்கிறார். அதாவது, பில் வந்து சேருகிற தூரத்தில் வாழ்வது.

*

பில் வராமல் போனால் அது காணாமல் போய்விடுவதில்லை. வேறு விலாசத்துக்குப் போகிறது. திருப்பூரைக் கேட்டால் தெரியும்.

உலகத்துக்கே பனியன் தைத்துக்கொடுக்கும் ஊர். துணிக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. கீழே ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்காக ஓர் அணை கட்டி 1992இல் முடித்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்குகிற குட்டையாக மாறியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீரை வயலுக்கு விடாதீர்கள் என்று விவசாயிகளே போராட வேண்டிய நிலை. கிணறுகள் உப்பாயின. எங்கோ ஒரு நாட்டில் யாரோ மலிவாக ஒரு டி-ஷர்ட் வாங்கினார். அதன் விலையில் சேராத தொகையைச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் கட்டின. விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலைக்கு வரும்வரை சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது.

இந்தக் கதையை இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று, நீடித்த வாழ்க்கை என்பதைத் துணிப்பை, மூங்கில் பிரஷ் என்று தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசினால் நொய்யல் அந்தப் பேச்சுக்குள் வராது. ஆர்கானிக் காட்டன் சட்டை போட்டவரால் அந்தக் கிணற்றை நன்னீராக்க முடியாது. பில்லை உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்பியது விவசாயிகள் சேர்ந்து நடத்திய வழக்கு. இரண்டாவது, தற்சார்போடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். சொந்த நிலம், சொந்தக் கிணறு, சொந்த உழைப்பு, எல்லாம் இருந்தது. மேலே ஒருவர் பொறுப்பில்லாமல் இருந்தால் கீழே ஒருவர் தற்சார்பாக இருக்க முடியாது. ஆறு அதைத்தான் காட்டுகிறது.

*

தண்ணீரிலேயே இன்னொரு கதை. ‘எங்க வீட்ல சொந்த போர் இருக்கு’ என்று சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி தெரியும். கார்ப்பரேஷனை எதிர்பார்க்க வேண்டாம், லாரிக்கு ஃபோன் போட வேண்டாம். பார்க்க இதைவிடத் தற்சார்பான பொருள் இல்லை. ஆனால் நிலத்தடியில் மதில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் 200 அடி போட்டால் நான் 300 அடி, அவர் 400 அடி. ஒவ்வொருவரும் தற்சார்பாகிக்கொண்டே போக, தெருவே வறண்டு போகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றிப்போனபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வந்தது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. பல வீடுகளில் அது ஒரு குழாயாகவும் ஒரு சான்றிதழாகவும் நின்றுபோனது. எடுக்கிற குழாய் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

இதற்கு நேர் எதிரான பொருள் ஏரி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள், கண்மாய்கள் என்பார்கள். தனியாக ஓர் ஏரியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். வரத்துக்கால்வாய் அடுத்த ஊர் வழியாக வரும். கரை உடைந்தால் எல்லோரும் மண் வெட்ட வேண்டும். மடை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நேரம் என்று பேசித்தான் தீரவேண்டும். சண்டை வரும், வந்தது. போர் போட்டவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தொல்லை இல்லாததுதான் அதில் பிரச்சினையே. கூடிப்பேச வேண்டிய அவசியத்தை அது எடுத்துவிடுகிறது. நம்பியிருப்பது அப்படியே இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகிறது.

ஏரியைப் பார்த்துக்கொள்ள முறையான ஏற்பாடுகள் இருந்தன. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலை முறைக்காக அவற்றை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதில் எனக்குப் பிடித்தது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடவோலைக்குப் பெயர் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட முடியாது. குமரப்பா பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

*

இங்கே நிறுத்திவிட்டால் இது ஊர்ப் பெருமைக் கட்டுரை ஆகிவிடும். ‘அந்தக் காலத்துல எல்லாம் ஊருக்குள்ளயே கிடைச்சுது’ என்று சொல்லி எழுந்துபோய்விடலாம். அப்படி எழுந்துபோக முடியாது.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். வாரியத்துக்குப் பெயர் போட வேண்டுமானால் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியைப் பற்றி முடிவெடுத்தவர்கள் இவர்கள். பிற்காலத்தில் பல ஊர்களில் ராத்திரி முழுக்க மடையைக் காத்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் ஏராளமானவர்கள் தலித்துகள். அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் பெரும்பாலும் அவர்களுக்குப் பங்கில்லை.

சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் இந்தியக் கிராமங்களைத் தம்முள் நிறைவுபெற்ற குட்டிக் குடியரசுகள் என்று வர்ணித்தார். அந்த வர்ணனை பலருக்கும் பிடித்துப்போனது. அம்பேத்கருக்குப் பிடிக்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசியபோது, மெட்காஃபின் அந்த வர்ணனையை எடுத்துக்கொண்டு, கிராமத்தின் மீதான இந்தப் பரவசத்தைக் கடுமையாகத் தாக்கினார். கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் வாழும் இடம் என்பது அவர் பார்வை. அரசியலமைப்பின் அலகு கிராமம் இல்லை, தனிமனிதர் என்றார்.

குமரப்பாவின் வட்டத்துக்கு இதைவிடப் பெரிய எதிர்க்கேள்வி இல்லை. பொறுப்பேற்க முடிகிற தூரத்துக்குள் வாழ்ந்தால் பொறுப்பு வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் பழைய கிராமத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தன் துணியைத் துவைப்பது யார், செத்த மாட்டைத் தூக்குவது யார், பிணத்தை எரிப்பது யார், எல்லாம் பேரோடு தெரியும். பில் கண் முன்னால் நின்றது. தெரிந்தே கட்டவில்லை. களத்தில் அளந்து போட்ட படி நெல்லைக் கூலி என்று பெயர் வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்த ஊரின் ‘தன்னிறைவு’, ஊரைவிட்டுப் போக முடியாத ஒரு பகுதி மக்களின் மீது கட்டப்பட்டது. அவர்களுக்கு நகரம்தான் விடுதலையாக இருந்தது. முகம் தெரியாத கூட்டம், மாதச் சம்பளம், சாதி கேட்காத சினிமா டிக்கெட் கவுண்ட்டர். நமக்கு அலுத்துப்போன அதே அந்நியத்தனம் இன்னொருவருக்கு மூச்சு.

ஆகவே குமரப்பாவின் நிபந்தனையோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நான் யாரைச் சார்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அவர் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டும். மறுக்க முடியாதவர் தோளில் ஏறி நின்றால் அதற்குப் பெயர் தற்சார்பு கிடையாது.

*

இந்த இரண்டாவது நிபந்தனையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் முதலில் சமையலறையில்தான் போய் நிற்கும்.

செக்கு எண்ணெய், கையால் அரைத்த மசாலா, மண்சட்டி, வீட்டிலேயே செய்த சோப்பு, குழந்தைக்குத் துணி நாப்கின். எல்லாம் நல்லதுதான். நாப்கினை யார் அலசுகிறார்கள்? மண்சட்டியை யார் தேய்க்கிறார்கள்? ‘நாங்க பாக்கெட் உணவே வாங்குறதில்லை’ என்று சொல்கிற ‘நாங்க’வில் விடியற்காலை எழுகிறவர் யார்? கோயம்புத்தூரில் 1950களில் வெட் கிரைண்டர் வந்தபோது, ஆட்டுக்கல் முன்னால் கழிந்துகொண்டிருந்த பல லட்சம் பெண்களின் மணிநேரங்கள் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தன. அந்த மெஷினை விலக்கிவிட்டு ‘கல்லுல ஆட்டுன மாவு ருசியே தனி’ என்று சொல்ல உரிமை உள்ளவர், கல்லில் ஆட்டுகிறவர் மட்டும்தான்.

இயற்கைக்கு எவ்வளவு குறைவாகச் செலவு வைக்கிறோம் என்று கணக்குப் போடுகிற வீடுகள், அந்தக் குறைச்சலை ஈடுகட்ட மனித உழைப்பு எவ்வளவு கூடியது, யாருக்குக் கூடியது என்றும் கணக்குப் போட வேண்டும். ஆணும் பெண்ணும் பேசி, வேலையைப் பிரித்துக்கொண்டு, இருவரும் விரும்பிச் செய்தால் அது அழகான வாழ்க்கை. ஒருவருடைய கொள்கைக்கு இன்னொருவர் இடுப்பு ஒடிந்தால் தோரோவின் அழுக்குத் துணி நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

*

நாட்டளவில் இதைப் பார்க்க இலங்கையைவிடத் தெளிவான இடம் இல்லை. ஒரே தீவில், ஐம்பது வருடங்களுக்குள், தற்சார்பு மூன்று முகங்களோடு வந்தது.

1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியது. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட விவசாயிகளுக்கு அது பொற்காலம். கிணற்றடித் தோட்டங்களில் இருந்து கல்வீடுகள் எழுந்தன. அதே காலத்தில் தீவின் மற்ற இடங்களில் மக்கள் பாணுக்கு விடிய விடிய வரிசையில் நின்றார்கள். 1977இல் சந்தையைத் திறந்துவிட்டதும் வரிசை போனது, யாழ்ப்பாணத்து விவசாயி அடிபட்டார். ஒருவருக்குத் தற்சார்பாக இருந்தது இன்னொருவருக்குப் பட்டினியாக இருந்தது.

1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. எரிபொருள், பேட்டரி, உரம், சீமெந்து எதுவும் ஒழுங்காகப் போகவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு விளக்குச் செய்தார்கள், பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். துளிப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மனிதர்களின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்த யாரிடமாவது போய், ‘எவ்வளவு குறைந்த கார்பன்!’ என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அது முற்றுகை. தேர்ந்தெடுக்காத எளிமைக்கு அதுதான் பெயர். வறுமையால் குறைவாக வாழ்கிறவரைப் பார்த்து ‘எவ்வளவு எளிமை’ என்று நெகிழ்வதும் இதே வகைத் தவறுதான்.

மூன்றாவது 2021. கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் இறக்குமதி செய்வதை மே மாதம் ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை விவசாய நாடு என்று அறிவிப்பு. பின்னால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இருந்தது. நிலத்துக்குப் பழக நேரம் கொடுக்கவில்லை, விவசாயியைக் கேட்கவில்லை, மாற்று உரம் தேவையான அளவு தயாராக இல்லை. விளைச்சல் விழுந்தது. அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. நவம்பரில் தடையைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டார்கள். ரசாயன உரத்தைக் குறைக்க வேண்டும் என்ற யோசனையில் குற்றமில்லை. அந்தக் குறைப்பின் பில் முழுவதையும் விவசாயியின் விலாசத்துக்கு அனுப்பியதுதான் குற்றம். வயலில் இறங்குகிறவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமே வைக்கவில்லை.

*

சரி, அப்ப என்னதான் பண்றது?

உலகத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால் யாரும் சாப்பிட முடியாது. குமரப்பாவின் வட்டத்தை எல்லாப் பொருளுக்கும் போட முடியாது. இந்தக் கட்டுரை எழுதப்பட்ட லேப்டாப்பின் பேட்டரிக்குள் எந்தச் சுரங்கத்து மண் இருக்கிறதோ. ஆனால் எல்லாவற்றுக்கும் முடியாது என்பதால் ஒன்றுக்கும் வேண்டாம் என்று விட்டுவிடுவது சோம்பேறியின் தர்க்கம். தணிக்கையாளர்கள்கூட எல்லா ரசீதையும் பார்ப்பதில்லை, சிலவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். பார்ப்பார்கள் என்று தெரிந்தாலே கணக்கு கொஞ்சம் ஒழுங்காகிவிடும்.

பக்கத்தில் இருக்கிற ரசீது குப்பை. சென்னையில் இருப்பவர் என்றால் நீங்கள் போடும் குப்பையின் விலாசம் தெரிந்ததுதான். வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. நேற்றைய சாம்பாரும் உடைந்த பல்பும் ஒரே பையில் போனால் அதைப் பிரிக்க ஒரு கை உள்ளே போகும். அந்தக் கைக்குப் பெரும்பாலும் ஒழுங்கான கையுறை இருக்காது. அந்தக் கைக்கு உரியவர் எந்தச் சாதி என்று நமக்குத் தெரியாதது போல நடந்துகொள்கிறோம். பால்கனியில் ஒரு தொட்டி வைத்து காய்கறித் தோலை உரமாக்குவது கார்பனுக்காக, கத்தரிச் செடிக்காக என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். எனக்கு அந்தக் கை போதும். வராத பில்களிலேயே மிகச் சின்னது அது, நம்மால் முழுதாகக் கட்ட முடிந்ததும் அதுதான்.

அடுத்த ரசீது கொஞ்சம் பெரியது. அதைத் தனியாகக் கட்ட முடியாது. அபார்ட்மெண்ட்டின் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று மாடியிலிருந்து கீழே வரை போய்ப் பார்ப்பது. அசோசியேஷன் கூட்டத்தில் கைதூக்கி, லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்பது. செயலாளர் முகம் சுளிப்பார், ‘சார், தண்ணி வருதுல்ல?’ என்பார். ஏரிக்கரையில் நடந்த பஞ்சாயத்தின் இன்றைய வடிவம் இந்தச் சள்ளை பிடித்த கூட்டம்தான். தோட்டம் போடுவதைவிட இது அலுப்பான வேலை, ரீல்ஸ் எடுக்க முடியாத வேலை. ஆனால் தேனீயின் படி இங்கேதான் தொடங்குகிறது.

ரெண்டு ஏக்கர் வாங்கப் போகிற நண்பரைத் தடுக்க மாட்டேன். போகட்டும். மண்ணைத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் கூடினால் நாட்டுக்கு நல்லது. போவதற்கு முன்னால் சில கேள்விகள் மட்டும் கேட்பேன். அந்த நிலத்தை இத்தனை நாள் உழுதவர் யார், விற்றபின் அவர் எங்கே போனார்? பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறு எத்தனை அடி, உன் போர் எத்தனை அடி போடப்போகிறாய்? களை எடுக்க வருகிற அம்மாவுக்கு என்ன கூலி? அவர் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் டம்ளரில் தண்ணீர் குடிப்பாரா? ‘நாளைக்கு வரல தம்பி’ என்று அவர் சொன்னால் உனக்குக் கோபம் வருமா?

கூட வரப்போகிற உன் மனைவியிடம் கேட்டாயா என்பது கடைசிக் கேள்வி. சொன்னாயா என்று கேட்கவில்லை, கேட்டாயா என்று கேட்கிறேன்.